ஆய்வெழுத்தில் சான்று காட்டும் முறை: முதல் குறிப்பிலிருந்து கடைசிச் சரிபார்ப்பு வரை

கட்டுரை முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, ஒப்படைக்க நான்கு நாள் இருக்கும்போது "துணைநூற்பட்டியல் எப்படிப் போடுவது?" என்று கேட்டு வருபவர்கள் பலர். அவர்கள் கேட்பது முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எங்கே வரும் என்பதை. அதைக் கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். இந்தத் தகவல் எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருந்தது, இந்த வாக்கியம் ஆசிரியருடையதா தம்முடையதா என்பது அவர்களுக்கே நினைவில்லாமல் போயிருக்கும். அதை என்னால் மீட்டுத் தர முடியாது.

சான்று காட்டும் வேலை நூலைத் திறந்த நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். பல ஆய்வேட்டு வரைவுகளை வரி வரியாகச் சரிபார்த்ததில், எந்தப் படியைத் தாண்டியவர்கள் எங்கே இடறினார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த இடங்களில் சற்று நின்று பேசுகிறேன்.

1. முதலில் நடையை முடிவு செய்யுங்கள்

உங்கள் துறை, நெறியாளர், அல்லது கட்டுரை அனுப்பப்போகும் ஆய்விதழ் எந்தச் சான்று நடையை, அதாவது சான்றுகளை எழுதும் வடிவ விதிகளை, கேட்கிறது என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் துறைகளில் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின்) நடை பெருவழக்கு. இலக்கியத்திலும் மொழித் துறைகளிலும் எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கத்தின் நடை), வரலாற்றில் சிகாகோவின் அடிக்குறிப்பு முறை, பொறியியலில் ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர் நிறுவனத்தின் நடை), மருத்துவத்தில் வான்கூவர் என்ற எண் முறை. இது பொதுப் போக்குதான். ஒரே துறைக்குள்ளும் இதழுக்கு இதழ் மாறும்.

நடையின் பெயர் மட்டும் போதாது. எத்தனையாவது பதிப்பு என்பதும் வேண்டும். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு 2019 இல் வந்தபோது, நூலை வெளியிட்ட ஊரின் பெயரைப் பட்டியலில் தரும் வழக்கத்தைக் கைவிட்டது. மூவரோ அதற்கு மேற்பட்டோரோ எழுதிய படைப்புக்கு, முதல் முறை சுட்டும்போதே முதல் ஆசிரியர் பெயரோடு "மற்றும் பிறர்" என்று எழுதினால் போதும் என்றும் மாற்றியது. ஆறாம் பதிப்பின்படி எழுதப்பட்ட பழைய ஆய்வேட்டை மாதிரியாக வைத்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் தவறுகிறார்கள்.

இதை ஏன் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்? நடையைப் பொறுத்துச் சேகரிக்க வேண்டிய தகவலே மாறுகிறது. எம்.எல்.ஏ. நடையில் வாக்கியத்துக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும். ஆண்டு அங்கே வராது. ஏ.பி.ஏ.வில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் எப்போதும் வேண்டும். நேரடி மேற்கோளுக்குப் பக்க எண்ணும் சேரும். ஐ.இ.இ.இ.யில் சதுர அடைப்புக்குள் எண் மட்டும், அதுவும் கட்டுரையில் முதன்முதலாகத் தோன்றும் வரிசைப்படி. நடை தெரியாத நிலையில் சேகரிக்கிறீர்கள் என்றால் எல்லாத் தகவலையும் எடுத்துவையுங்கள். கூடுதலாக இருப்பதைப் பின்னால் நீக்கலாம்; இல்லாததைச் சேர்க்க மறுபடியும் நூலகம் போக வேண்டும்.

2. படிக்கும் முன் மூலத்தின் முகவரியைப் பதியுங்கள்

நூலின் அட்டையை நம்பாதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். ஆசிரியர், முழுத் தலைப்பு, துணைத் தலைப்பு, பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என அனைத்தும் அங்கேதான் இருக்கும். கைப்பேசியில் அந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். பத்து நொடி வேலை இது. பின்னாளில் எழும் ஐயங்களில் பாதி அந்தப் படத்தைப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

பதிப்பும் மறு அச்சும் ஒன்றல்ல. மறு அச்சில் உள்ளடக்கம் மாறாது. புதிய பதிப்பில் மாறலாம், பக்க எண்களும் நகர்ந்துவிடலாம். ஆகவே நீங்கள் கையில் வைத்துப் படித்த பதிப்பின் ஆண்டையே தர வேண்டும். "முதல் பதிப்பு எப்போது வந்தது" என்பது உங்கள் வாதத்துக்குத் தேவைப்பட்டால் அதையும் சேர்த்துக் காட்டலாம். முதல் பதிப்பின் ஆண்டைப் போட்டு, நான்காம் பதிப்பின் பக்க எண்ணைத் தந்தால் வாசகர் அந்தப் பக்கத்தைத் திறந்து ஏமாந்து போவார்.

ஆய்விதழ்க் கட்டுரை என்றால் இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், தொடக்க, முடிவுப் பக்கங்கள், ஆண்டு ஆகியவை வேண்டும். டி.ஓ.ஐ. எண் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும் அந்த அடையாளம், கட்டுரை வேறு தளத்துக்கு மாறினாலும் அதைத் தேடிச் செல்ல உதவும். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் நீண்ட இணைப்பு அப்படியல்ல. நூலகக் கணக்கு வழியாக உள்ளே நுழைந்து நகலெடுத்த இணைப்பு, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் திறக்கவே திறக்காது.

தொகுப்பு நூல்களில் நடக்கும் பிழையைத்தான் நான் மிக அதிகமாகத் திருத்தியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் எழுதிய கட்டுரைகளை இருவர் தொகுத்திருப்பார்கள். மாணவர் ஏழாவது கட்டுரையைப் படித்து, அட்டையில் இருக்கும் தொகுப்பாசிரியர்களின் பெயரில் சான்று தந்திருப்பார். கருத்தைச் சொன்னவர் கட்டுரையாளர். அவர் பெயரும் கட்டுரைத் தலைப்பும் முதலில் வர வேண்டும். அதன் பிறகே தொகுப்பாசிரியர், நூல் தலைப்பு, கட்டுரை இடம்பெற்ற பக்கங்கள். ஒரே கட்டுரையின் நகல் கோப்பு மட்டும் கையில் இருந்தால் இந்த விவரங்கள் அதில் இருக்காது. கோப்பைப் பதிவிறக்கும்போதே தேடி எடுத்துவிடுங்கள்.

3. குறிப்பேட்டில் மூன்று குரல்களைப் பிரித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

குறிப்பெடுக்கும்போது மூன்று வகையான வரிகள் உருவாகின்றன. ஆசிரியரின் சொற்களை அப்படியே எடுத்து எழுதியவை ஒரு வகை. அவர் கருத்தை உங்கள் சொற்களில் சுருக்கியவை இன்னொரு வகை. படிக்கும்போது உங்களுக்குத் தோன்றிய எண்ணங்கள் மூன்றாம் வகை. எழுதும் நாளில் மூன்றும் தெளிவாக வேறு வேறாகத் தெரியும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே கையெழுத்தில், ஒரே குரலில் பேசும்.

கருத்துத் திருட்டு என்று குற்றம்சாட்டப்பட்ட வரைவுகளில் நான் பார்த்தவற்றுள் பல, கெட்ட எண்ணத்தால் நேர்ந்தவை அல்ல. குறிப்பேட்டில் மேற்கோள் குறி இல்லாமல் இருந்த ஒரு வரியைத் தம் சொந்த வரி என்று நம்பி, அந்த மாணவர் கட்டுரையில் சேர்த்திருப்பார். ஆனால் படிப்பவருக்கு அவர் நோக்கம் தெரியாது. அச்சில் இருப்பது மட்டுமே தெரியும்.

எனவே ஒரு குறிமுறையை வைத்துக்கொள்ளுங்கள். நேரடிச் சொற்களை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதிப் பக்க எண்ணை உடனே ஒட்டிவிடுங்கள். சுருக்கத்துக்கு முன்னால் "சு" என்று போட்டு அதற்கும் பக்க எண் தாருங்கள். உங்கள் எண்ணத்துக்கு "நான்" என்று முன்னெழுத்து இடுங்கள், அல்லது வேறு நிறத்தில் எழுதுங்கள். எந்தக் குறி என்பது உங்கள் விருப்பம். ஒரு முறை வைத்ததை நடுவில் மாற்றாதீர்கள்.

சுருக்கத்துக்கு எதற்குப் பக்க எண் என்று கேட்பார்கள். ஏ.பி.ஏ. நடையில் அது கட்டாயமில்லைதான். ஆனால் நெறியாளர் "இதை அவர் உண்மையிலேயே சொன்னாரா?" என்று கேட்கும்போது 400 பக்க நூலை மறுபடி புரட்டப்போவது நீங்கள்தான்.

நகலெடுத்து ஒட்டும் வசதி வந்தபின் இந்த ஆபத்து பெருகியிருக்கிறது. கணினியில் ஒரு பத்தியை ஒட்டினால், அதே நொடியில் இரு பக்கமும் மேற்கோள் குறி இடுங்கள். "பிறகு செய்துகொள்ளலாம்" என்று விட்ட குறிகள் ஒருபோதும் திரும்பி வருவதில்லை.

4. எதற்குச் சான்று தேவை என்று முடிவெடுங்கள்

பிறருடைய சொல், கருத்து, வாதம், கண்டுபிடிப்பு, புள்ளிவிவரம், படம், அட்டவணை, வகைப்பாடு ஆகிய எதை எடுத்தாலும் சான்று வேண்டும். நீரின் வேதியியல் வாய்பாடு போல எல்லோரும் அறிந்த, யாரும் மறுக்காத செய்திக்கு வேண்டாம். உங்கள் சொந்தத் தரவுக்கும் சொந்த முடிவுக்கும் வேண்டாம்.

இடையில் ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. ஒரு துறையில் பாடநூல் அறிவாக இருப்பது இன்னொரு துறையினருக்குப் புதிது. ஐயம் வந்தால் சான்று தந்துவிடுங்கள். தேவையில்லாத ஒரு சான்றால் வாசகருக்குச் சிறு அலுப்பு வரலாம். தேவையான ஒன்று விடுபட்டால் உங்கள் நேர்மையையே சந்தேகிப்பார்கள்.

உங்கள் பழைய கட்டுரையிலிருந்து எடுப்பதற்கும் சான்று வேண்டும். "என் எழுத்துத்தானே" என்ற வாதம் ஆய்வுலகில் எடுபடாது. முன்பே வெளிவந்ததைப் புதியதுபோல் மறுபடி தருவது வாசகரை ஏமாற்றுவதாகவே கருதப்படுகிறது.

படங்களைப் பொறுத்தவரை இன்னொன்று. சான்று தருவதும் அனுமதி பெறுவதும் வேறு வேறு. பதிப்புரிமை உள்ள ஒரு படத்தைக் கட்டுரையில் அச்சிட்டு வெளியிட வேண்டுமானால், மூலத்தைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. உரிமையாளரின் அனுமதியும் தேவைப்படலாம்.

5. கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள்

ஒரு புதிய நூலில் பழைய ஆய்வாளர் ஒருவரின் வரி மேற்கோளாக வந்திருக்கிறது. அந்தப் பழைய நூலை நீங்கள் பார்த்ததில்லை. இந்த நிலையில் பழைய நூலை நேரடியாகப் பட்டியலில் சேர்ப்பது மிகப் பரவலான தவறு.

இது ஏன் தவறு என்பதற்கு நடைமுறைக் காரணமே போதும். இடையிலிருப்பவர் தவறாக எடுத்திருந்தால், பக்க எண்ணைப் பிழையாகப் போட்டிருந்தால், சூழலிலிருந்து பிரித்துப் பொருளை மாற்றியிருந்தால், அந்தப் பிழை இப்போது உங்கள் பெயரில் வரும். ஒரே பிழையான பக்க எண் பல கட்டுரைகளில் அடுத்தடுத்து வந்தால், ஒருவர்கூட மூலத்தைத் திறக்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும்.

முதலில் மூலத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும். உண்மையாகவே கிடைக்காவிட்டால் வாக்கியத்தில் பழைய ஆசிரியரைக் குறிப்பிட்டு, "இன்னாரால் மேற்கோள் காட்டப்பட்டது" என்று நீங்கள் படித்த நூலைச் சுட்டுங்கள். பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும் இடம்பெற வேண்டும்.

புள்ளிவிவரத்துக்கும் இதே விதிதான். செய்தித்தாளில் வந்த எண்ணை எடுக்காதீர்கள்; அந்த எண்ணை வெளியிட்ட அறிக்கைக்குப் போங்கள். அங்கே போனால்தான் எண் எந்த ஆண்டுக்குரியது, யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்பது தெரியும். அறிக்கை வெளிவந்த ஆண்டும் தரவு திரட்டப்பட்ட ஆண்டும் பல நேரம் வேறுபடும்.

6. மேற்கோளா, உங்கள் சொற்களா?

ஆசிரியரின் சொற்களே ஆய்வுப் பொருளாக இருக்கும்போது நேரடி மேற்கோள் தேவை: வரையறை, சட்ட வாசகம், கவிதை வரி, நீங்கள் மறுக்கப்போகும் கூற்று. மற்ற இடங்களில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். மேற்கோள்களைக் கோத்த கட்டுரையில் எழுதியவரின் சிந்தனை காணாமல் போய்விடுகிறது.

உங்கள் சொற்களில் எழுதுவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "நீர்நிலைகளின் கரையோரத் தாவரங்கள் அழிக்கப்படும்போது மண் அரிப்பு விரைவுபடுகிறது, அதனால் நீர்நிலையின் கொள்ளளவு படிப்படியாகக் குறைகிறது."

மாணவர் எழுதுவது: "ஏரிகளின் ஓரத்திலுள்ள செடிகொடிகள் அழிக்கப்படும்பொழுது மண் அரிப்பு வேகமடைகிறது, இதனால் ஏரியின் கொள்ளளவு மெல்ல மெல்லக் குறைகிறது." வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சொற்களுக்கு மட்டும் மாற்றுச் சொற்கள் வந்திருக்கின்றன. கடைசியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் இது தவறுதான். ஏனெனில், மேற்கோள் குறி இல்லாததால் வாக்கிய அமைப்பு உங்களுடையது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு "நீர்நிலை" என்பது "ஏரி" ஆகி, பொருளும் சுருங்கிவிட்டது.

சரியான வழி, நூலை மூடிவிட்டு எழுதுவது. அப்போது இப்படி வரலாம்: "கொள்ளளவு இழப்புக்கான காரணத்தை ஆசிரியர் கரையில் தேடுகிறார். அங்குள்ள தாவரங்கள் போனால் மண் அரிப்பு கூடும் என்பது அவர் வாதம்." இதில் உங்கள் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது தெரிகிறது. எழுதிய பிறகு நூலைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு காரியங்களைப் பார்க்க வேண்டும்: சொற்றொடர் ஏதும் அப்படியே வந்துவிட்டதா? மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டீர்களா? "வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன" என்று நீங்கள் சேர்த்திருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த மூலம் அதைச் சொல்லவில்லை. அதற்கு வேறு சான்று வேண்டும்.

நேரடி மேற்கோளில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. நடுவில் விட்டால் மூன்று புள்ளி. தெளிவுக்காக நீங்கள் ஒரு சொல்லைச் சேர்த்தால் சதுர அடைப்பு. தடித்த எழுத்து உங்களுடையது என்றால் "அழுத்தம் என்னுடையது" என்ற குறிப்பு. பிற மொழியிலிருந்து நீங்களே மொழிபெயர்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அது ஆசிரியரின் சொல் அல்லவே. நீண்ட மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் தர வேண்டும். எவ்வளவு நீளம் என்பது நடைக்கு நடை மாறும்: ஏ.பி.ஏ.வில் 40 சொற்கள் அல்லது அதற்கு மேல்; எம்.எல்.ஏ.யில் உரைநடைக்கு நான்கு வரிக்கு மேல், செய்யுளுக்கு மூன்று வரிக்கு மேல். இந்த எல்லைகள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வகுத்தவை. தமிழில் ஒரே சொல்லுக்குள் பல உருபுகள் சேர்ந்து வருவதால், 40 சொல் ஆங்கிலத்தைவிட நீளமாகத் தெரியும். உங்கள் நெறியாளரிடம் பேசி ஓர் அளவை நிலைநிறுத்திக்கொள்ளுங்கள்.

7. சான்றை வாக்கியத்தில் சரியான இடத்தில் வையுங்கள்

ஆறு வாக்கியங்கள் எழுதிவிட்டுப் பத்தியின் கடைசியில் ஒரே ஒரு அடைப்புக்குறி போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைப் படிப்பவருக்கு அந்தச் சான்று கடைசி வாக்கியத்துக்கா, ஆறுக்குமா என்று தெரியாது. எங்கே ஆசிரியர் பேசி முடித்தார், எங்கே நீங்கள் தொடங்கினீர்கள் என்ற எல்லை தெரிய வேண்டும்.

இதற்கு நல்ல வழி, ஆசிரியரை வாக்கியத்துக்குள்ளேயே அழைத்து வருவது. "இன்னார் (2015) இதை மறுக்கிறார்" என்று தொடங்கினால் அவர் குரல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெளிவு. அடுத்த வாக்கியத்தில் "அவர் காட்டும் மற்றொரு காரணம்" என்று தொடரலாம். "ஆனால் இந்த விளக்கம்" என்று நீங்கள் திரும்பும்போது குரல் மாறியதும் தெரியும். வினைச்சொல்லையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். "நிறுவுகிறார்", "கருதுகிறார்", "ஊகிக்கிறார்", "ஒப்புக்கொள்கிறார்" ஒவ்வொன்றும் வேறு எடை கொண்டவை. ஊகமாகச் சொன்னதை நிறுவியதாக எழுதினால், அடைப்புக்குறி சரியாக இருந்தாலும் சான்று பொய்தான்.

ஒரு வாக்கியத்தின் இரண்டு பாதிகள் இரண்டு மூலங்களிலிருந்து வந்தால், ஒவ்வொரு பாதியின் முடிவிலும் அதற்குரிய சான்றை வையுங்கள். இரண்டையும் கடைசியில் குவித்தால், இருவருமே முழு வாக்கியத்தையும் சொன்னார்கள் என்று பொருளாகிவிடும்.

அடிக்குறிப்பு முறையில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: "மேலது" (முந்தைய குறிப்பில் வந்த அதே நூல்) என்பதைக் கடைசி வரைவு முடியும்வரை பயன்படுத்தாதீர்கள். நடுவில் ஒரு புதிய குறிப்பைச் செருகினால் அதற்குக் கீழிருக்கும் "மேலது" வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். ஒரு வரைவில் ஒரே இடைச்செருகலால் அடுத்தடுத்து ஒன்பது அடிக்குறிப்புகள் தவறாகிப்போனதைப் பார்த்தேன். சிகாகோ நடை 17 ஆம் பதிப்பிலிருந்து இதன் ஆங்கில இணையைத் தவிர்த்து, ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் தரும்படி சொல்கிறது. தமிழிலும் அதுவே பாதுகாப்பு.

8. பட்டியலை அமையுங்கள்

இரண்டாம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு இது ஒரு மாலை நேர வேலை.

ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. நடைகளில் அகர வரிசை, ஐ.இ.இ.இ., வான்கூவர் நடைகளில் கட்டுரையில் தோன்றிய வரிசை. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு படைப்புகளை ஏ.பி.ஏ.வில் ஆண்டோடு எழுத்துச் சேர்த்துப் பிரிக்க வேண்டும். தமிழில் 2018அ, 2018ஆ என்று தரலாம். அதே எழுத்து கட்டுரைக்குள்ளும் வர வேண்டும். பட்டியலில் மட்டும் சேர்த்து உள்ளே மறந்துவிடுவது வழக்கமான பிழை.

பெயர்களில் நிதானம் தேவை. முன்னெழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கும் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை; இயற்பெயரே வரிசைக்குரியது. முன்னெழுத்தை விரித்து இயற்பெயருக்குப் பின்னால் எழுதியிருந்தால், பட்டியல் போடும் மென்பொருள் தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஸ்பானியப் பெயர்களில் இரண்டு குடும்பப் பெயர்கள் இருந்தால் முதலாவதைக் கொண்டு வரிசைப்படுத்துவார்கள். அந்த ஆசிரியர் தம் படைப்புகளில் தம் பெயரை எப்படித் தருகிறார் என்று பார்த்து, கட்டுரை முழுவதும் அதே வடிவத்தைப் பின்பற்றுங்கள்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் மூலங்கள் கலந்திருந்தால் இரண்டு தனிப் பட்டியல்களாகத் தருவது எனக்குச் சரியாகப் படுகிறது. வாசகர் தேடும் அகர வரிசை உடையாமல் இருக்கும். நீங்கள் எழுதுவது ஆங்கில இதழுக்கு என்றால் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, சதுர அடைப்புக்குள் அதன் மொழிபெயர்ப்பைத் தர வேண்டும் என்பது ஏ.பி.ஏ. விதி.

பழைய இலக்கியங்களுக்குப் பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணும் அடி எண்ணும் பயன் தரும். எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். உரை அல்லது பாடவேறுபாடு (பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறுவது) பற்றிப் பேசினால் மட்டும் பதிப்பும் பக்கமும் கட்டாயம்.

9. மென்பொருளைப் பயன்படுத்துங்கள், நம்பிவிடாதீர்கள்

இருபது மூலங்களுக்கு மேல் போனால் ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் போன்ற, சான்றுகளைச் சேமித்துப் பட்டியலிடும் ஒரு மேலாண்மை மென்பொருள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஜோட்டெரோ திறந்த மூல மென்பொருள். கட்டணம் இல்லாமல் நிறுவிக்கொள்ளலாம். நடையை மாற்றச் சொன்னால் ஒரு சொடுக்கில் பட்டியல் முழுவதையும் மாற்றித் தரும்.

ஆனால் அது தானே எதையும் அறியாது. வலைத்தளம் தந்த விவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால் நிறுவனத்தின் பெயர் இரண்டாக உடைந்து ஆள் பெயராகிவிடும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வரும். தொகுப்பு நூல் தனி நூலாகப் பதிவாகும். ஒவ்வொரு பதிவையும் சேர்க்கும்போதே அசலோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம் ஆகும். நூற்றைம்பது பதிவுகளைக் கடைசி இரவில் திருத்த முடியாது.

தேடுபொறிகள் தரும் ஆயத்தச் சான்று வரிகளுக்கும் இதுவே பொருந்தும்.

10. இணையப் பக்கமும் செயற்கை நுண்ணறிவும்

இணையப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லாவிட்டால் அதை வெளியிட்ட நிறுவனத்தை ஆசிரியராகக் கொள்ளலாம். தேதி இல்லாவிட்டால் "ஆண்டு இல்லை" என்று குறியுங்கள். நீங்கள் பார்த்த ஆண்டை வெளியீட்டு ஆண்டாக எழுதாதீர்கள். அடிக்கடி மாறும் பக்கமாக இருந்தால் பார்த்த நாளையும் சேருங்கள். அந்தப் பக்கத்தை வேபேக் மெஷின் போன்ற காப்பகத்தில் அன்றே சேமித்துவிட்டால், பின்னால் பக்கம் மறைந்தாலும் நீங்கள் கண்டது நிலைத்திருக்கும்.

முன்வரைவுத் தளங்களில் (இதழில் வெளிவரும் முன் கட்டுரைகளைப் பகிரும் தளங்களில்) கிடைக்கும் கட்டுரை பின்னர் ஆய்விதழில் வெளிவந்திருக்கலாம். வெளிவந்த வடிவத்தைத் தேடிப் படியுங்கள், முடிவுகள் மாறியிருக்கக்கூடும். கிடைக்காவிட்டால் முன்வரைவு என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சான்றுகளைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்ப்பது மிகவும் அபாயம். அவை இல்லாத கட்டுரைக்கு நம்பத்தக்க தலைப்பும் உண்மையான ஆய்வாளர் பெயரும் இதழ்ப் பெயரும் பொருத்தித் தரக்கூடியவை. 2023 இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் இப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்ற மனுவில் மேற்கோள் காட்டினார்கள். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவி ஒரு மூலத்தைச் சொன்னால் அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தேடித் திறந்து படித்த பிறகே சேருங்கள். கருவியைப் பயன்படுத்தியதை எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் நிறுவனமும் இதழும் வைத்திருக்கும் விதியைக் கேளுங்கள்.

11. இரண்டு திசையிலும் சரிபாருங்கள்

கட்டுரையை அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். முதல் சுற்றில் கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு சான்றையும் பட்டியலில் தேடி ஒரு குறி இடுங்கள். இரண்டாம் சுற்றில் பட்டியலிலிருந்து தொடங்கிக் கட்டுரைக்குள் தேடுங்கள். உள்ளே இருந்து பட்டியலில் இல்லாதவை, பட்டியலில் இருந்து உள்ளே வராதவை என இரண்டும் வெளிப்படும். படித்தும் பயன்படுத்தாத நூல்களைச் சேர்க்கலாமா என்பது நடையைப் பொறுத்தது, ஏ.பி.ஏ.வில் கூடாது. பெயரின் எழுத்துகளும் ஆண்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக உள்ளனவா என்பதையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம்.

மூன்றாம் சுற்றில் நேரடி மேற்கோள்களை மட்டும் எடுத்து அசலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் மென்பொருள் தரும் சதவீதத்தைப் பார்த்து நிம்மதியோ பதற்றமோ கொள்ள வேண்டாம். முறையாகத் தந்த மேற்கோளும் பட்டியலும்கூட அந்தச் சதவீதத்தில் சேரக்கூடும். மறுபக்கம், சொல் மாற்றித் திருடிய கருத்து அதில் தப்பிவிடலாம். அறிக்கையைத் திறந்து, நிறமிட்ட ஒவ்வொரு இடத்திலும் மேற்கோள் குறியும் சான்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் சார்ந்திருக்கும் முக்கியமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றனவா (செல்லாது என்று இதழே அறிவித்துவிட்டதா) என்று தேடுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998 இல் தி லான்செட் இதழில் வந்த கட்டுரை 2010 இல்தான் திரும்பப் பெறப்பட்டது. பழைய நகல்களில் அந்த அறிவிப்பு இருக்காது. கணினியில் சேமித்து வைத்த உங்கள் கோப்பிலும் இருக்காது. ஆகவே டி.ஓ.ஐ. இணைப்பைத் திறந்து இதழின் பக்கத்திலேயே பாருங்கள். இணைப்பு வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வேலை செய்யாத இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு குறி இட்டு, அன்றே திருத்திவிட்டு அனுப்புங்கள்.